யாருக்கு அச்சு வார்ப்பது?

பொம்மையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். சிலை என்றால் நமக்கு அரசியல். பொம்மை என்றால் குழந்தைகள் சமாச்சாரம், இல்லாவிட்டால் பொம்பளைங்க சமாச்சாரம். நடுரோட்டில் நிற்பதற்கு வரலாறு உண்டு, பரணில் கிடப்பதற்கு வரலாறு கிடையாது என்கிற இந்தப் பாகுபாட்டை யார் செய்து வைத்தார்கள், இதனால் யாருக்கு லாபம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு உருவத்தை யார் செய்யச் சொல்கிறார்கள், யார் செய்கிறார்கள், யார் காசு கொடுக்கிறார்கள், யாருக்கு உருவமே கிடைப்பதில்லை என்ற கேள்விகள் சிலைக்கும் பொம்மைக்கும் பொதுவானவை.

எனக்கு இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டவன் அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவன். அமெரிக்க சூப்பர் ஹீரோ பொம்மைகள் சேர்க்கிறான். அட்டைப் பெட்டியைப் பிரிக்காமல் அடுக்கி வைத்திருக்கிறான். "பிரிச்சா மதிப்பு போயிடும் சார்" என்கிறான். அந்தக் கம்பெனி அடுத்து எந்தப் பாத்திரத்துக்குப் பொம்மை போடுவது என்று ரசிகர்களிடம் ஓட்டுக் கேட்கிறதாம். இவனும் போட்டிருக்கிறான். "நாங்கதான் சார் முடிவு பண்றோம், கம்பெனி இல்ல" என்று அவன் சொன்னபோது குரலில் ஒரு குடிமகனின் பெருமிதம் இருந்தது. பொதுத் தேர்தலில் முதல் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அன்று அந்தப் பெருமிதம் அவனிடம் இல்லை. ரெண்டும் எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

பாத்திரங்களின் தலைவிதியை ரசிகர் ஓட்டுக்கு விடும் பழக்கத்தில் பிரபலமான ஒரு சம்பவம் 1988இல் நடந்தது. பேட்மேன் சித்திரக்கதையில் அவனுடைய உதவியாளன் ராபினாக இருந்த ஜேசன் டாட் என்ற பையன் வெடிவிபத்தில் சிக்குகிறான். அவன் பிழைக்கலாமா, சாகலாமா? இரண்டு தொலைபேசி எண்கள் தரப்பட்டன. ஒரு அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271. எழுபத்திரண்டு அழைப்பு வித்தியாசத்தில் பையன் செத்தான். ஒரே ஆள் பல தடவை டயல் செய்திருக்கலாம் என்ற பேச்சு பின்னால் வந்தது. செய்திருந்தாலும் அது மோசடி ஆகாது. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்று யாரும் சொல்லவேயில்லை. 50 சென்டுக்கு ஒரு ஓட்டு என்பதுதான் விதி. ரசிகர் ஜனநாயகத்தின் அடிப்படைச் சட்டம் இந்த ஒற்றை விதிக்குள் இருக்கிறது.

ஏன் ஓட்டுக் கேட்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள பிளாஸ்டிக் பொம்மையின் தொழில் கணக்கைப் பார்க்க வேண்டும். 1964இல் ஹாஸ்ப்ரோ கம்பெனி ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாய் உருவத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதை 'டால்' என்று சொல்லக் கூடாது என்பதில் கறாராக இருந்தது. ஆண் பிள்ளைக்கு டால் வாங்கிக் கொடுக்க எந்த அமெரிக்க அப்பன் சம்மதிப்பான்? அதனால் 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார்கள். (நமது ஊரில் 'பொம்மை' என்ற ஒரே சொல் கொலுப்படிக்கும் மரப்பாச்சிக்கும் துணிக்கடை வாசலில் புடவை கட்டி நிற்பதற்கும், ஏன், ஆட்டிவைக்கிறபடி ஆடும் அமைச்சருக்கும்கூடப் போதுமானதாக இருந்திருக்கிறது.) 1980களின் கடைசியில் எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து ஃபன்ஸ்கூல் ஆரம்பித்த பிறகு அதே ஜோ இந்தியாவிலும் வார்க்கப்பட்டு நடுத்தர வர்க்கப் பையன்களின் கைக்கு வந்தான்.

இந்த பிளாஸ்டிக் உருவங்களில் செலவெல்லாம் முதல் பொம்மைக்கு முன்பே ஆகிவிடுகிறது. எஃகு அச்சு வெட்ட வேண்டும். அது முடிந்துவிட்டால் ஆயிரமாவது பொம்மைக்கும் லட்சமாவது பொம்மைக்கும் பிளாஸ்டிக் காசுதான். ஆகவே முதலாளிக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் ஒரே கேள்வி, அச்சு வெட்டினால் போணியாகுமா என்பது. 1977 கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் தயாராகவில்லை. கென்னர் கம்பெனி கொஞ்சமும் அசரவில்லை. ஒரு காலி அட்டை உறையைக் காசுக்கு விற்றது. உள்ளே ஒரு சீட்டு: அனுப்பி வைத்தால் அடுத்த ஆண்டு நாலு பொம்மை வீட்டுக்கு வரும். இல்லாத பொம்மையை விற்க முடியும் என்று அன்று தெரிந்துபோயிற்று. 2018இல் ஹாஸ்ப்ரோ இதை இன்னும் நேரடியாகச் செய்தது. ஸ்டார் வார்ஸில் வரும் ஒரு பாய்மரக் கப்பலுக்கு 5,000 பேர் தலைக்கு 500 டாலர் முன்பணம் உறுதி செய்தால்தான் தயாரிப்போம் என்றது. 5,000க்கு மேலேயே பேர் சேர்ந்தார்கள். ரசிகர் ஓட்டு என்று சொல்லப்படுவது இங்கே அதன் உண்மையான பெயருக்கு வந்துவிட்டது: அட்வான்ஸ்.

டென்மார்க்கின் லெகோ கம்பெனியின் ஏற்பாடு கொஞ்சம் நாகரிகமானது. யார் வேண்டுமானாலும் ஒரு யோசனை வைக்கலாம். 10,000 பேர் ஆதரித்தால் கம்பெனி பரிசீலிக்கும். பரிசீலிக்கும், அவ்வளவுதான், ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் பாடு. ஆனால் இந்த வழியில் ஒரு காரியம் நடந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஒரு பெண் விஞ்ஞானி வைத்த யோசனையில் இருந்து 2014இல் மூன்று பெண் விஞ்ஞானிகள் வந்தார்கள்: வானியலாளர், தொல்லுயிர் ஆய்வாளர், வேதியியலாளர். வந்த வேகத்தில் விற்றும் தீர்ந்தார்கள். அதற்கு அடுத்த வருஷம், 2015இல், புதிய ஸ்டார் வார்ஸ் படத்தின் கதாநாயகியே ஒரு பெண். ஹாஸ்ப்ரோ வெளியிட்ட விளையாட்டுப் பெட்டியில் நாலு ஆண் உருவங்கள் இருந்தன, அவள் இல்லை. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கடிதம் எழுதிக் கேட்டாள். கூச்சல் பெரிதான பிறகு 2016இல் சேர்க்கிறோம் என்றார்கள். கவனியுங்கள், இந்தச் சிறுமி எந்த வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளவில்லை. பட்டியலில் இல்லாத பெயரைக் கேட்டாள். ரசிகர் வாக்கெடுப்புகளில் பொதுவாகப் பெயர்ப் பட்டியலைத் தயாரிப்பவர் கம்பெனிக்காரர். ஏற்கனவே திரையில் போதுமான நிமிஷங்கள் கிடைத்தவர்களுக்கே ஓட்டு விழும், ஓட்டு விழுந்தவர்களுக்கே உருவம் கிடைக்கும், உருவம் கிடைத்தவர்களே அடுத்த படத்தில் இன்னும் நிமிஷங்கள் பெறுவார்கள்.

இதெல்லாம் அமெரிக்காவில் என்று நினைத்துவிட வேண்டாம். புரட்டாசியில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதி நடைபாதையில் நின்று பாருங்கள். வருகிற ஒவ்வொரு பெண்ணும் கேட்கிற முதல் கேள்வி, "இந்த வருஷம் புதுசா என்னப்பா வந்திருக்கு?" ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்பது கொலு வைக்கும் வீடுகளில் ஏறக்குறைய ஒரு நியதி. அந்த ஒரு பொம்மை எது என்பதில்தான் வருஷாவருஷம் ஓட்டு நடக்கிறது. 2019இல் காஞ்சிபுரத்தில் அத்திவரதர் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு குளத்திலிருந்து வெளியே வந்து 48 நாள் காட்சி கொடுத்தார். முதல் 31 நாள் படுத்த கோலம், கடைசி 17 நாள் நின்ற கோலம். ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள் என்றார்கள். நெரிசலில் உயிர்களும் போயின. ஆகஸ்ட் 17 அன்று அவர் மறுபடி தண்ணீருக்குள் போனார். செப்டம்பர் கடைசியில் கொலு. அந்த வருஷக் கடைகளில் எங்கே திரும்பினாலும் அத்திவரதர்தான், படுத்தும் நின்றும். வரிசையில் நின்ற கால்கள் எல்லாம் போட்ட ஓட்டு ஆறே வாரத்தில் அச்சாகிக் காய்ந்து சாயம் பூசிக்கொண்டு வந்து நின்றுவிட்டது. ஹாஸ்ப்ரோ இந்த வேகத்தைக் கனவிலும் நினைக்க முடியாது.

கொலுப்படியின் பிரபஞ்ச வரிசை தெரிந்ததே. ஒற்றைப்படை எண்ணிக்கையில் படிகள். மேலே கலசம், தெய்வங்கள். இறங்க இறங்க அவதாரங்கள், அடியார்கள், மகான்கள், தலைவர்கள், மனிதர்கள். கீழ்ப்படியில் செட்டியாரும் செட்டிச்சியும் மளிகைச் சாமான்களோடு உட்கார்ந்திருப்பார்கள். உட்காருகிற இடமே அந்தஸ்து. இதில் தசாவதார செட் ஒரு தனிப் பிரதி. வடக்கிலும் கிழக்கிலும் பல இடங்களில் ஒன்பதாவதாகப் புத்தர் இருப்பார். நம்மூர் செட்டில் புத்தருக்கு இடமில்லை. கலப்பையோடு பலராமர் நிற்பார். எந்தக் காலத்தில் யார் ஓட்டெடுப்பு நடத்தி அவரை வெளியேற்றினார்கள்? கடைக்காரரிடம் கேட்டால், "பத்து பேர் சார் செட்டு, பதினொண்ணாவது போட்டா யார் வாங்குவாங்க" என்பார். செட் என்ற வணிகச் சொல் எவ்வளவு பெரிய மத வரலாற்றைச் சுருட்டி வைத்திருக்கிறது.

செட் முழுசாக வேண்டும் என்கிற வெறி அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் கண்டுபிடிப்பு அல்ல. பல்லாவரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற குன்றத்தூர் சேக்கிழாரின் ஊர். சுந்தரர் பாடிய அடியார் பட்டியலோடு பின்னால் சுந்தரரும் அவருடைய பெற்றோரும் சேர்ந்து அறுபத்துமூவர் ஆனார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அவர்களுக்குக் கதை எழுதினார். அதற்குப் பிறகு பட்டியல் மூடியாயிற்று. சிவன் கோயில் சுற்றில் 63 கல் உருவங்கள் வரிசையாக நிற்கும், அறுபத்துநாலாவது பக்தனுக்குப் பீடம் கிடையாது. அந்த வரிசையில் பெண்கள் மூன்று பேர். அதிலும் காரைக்காலம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார். நந்தன் உண்டு, ஆனால் தில்லையில் தீக்குளித்து வெளியே வந்த பிறகான நந்தன். சேரியில் இருந்த நந்தனுக்கு உருவம் இல்லை, மாற்றப்பட்ட நந்தனுக்குத்தான் உருவம். பட்டியலில் இடம் கொடுப்பது ஒருவரைச் சேர்த்துக்கொள்வது மட்டுமில்லை, எந்த வடிவத்தில் சேர்த்துக்கொள்வது என்பதையும் அது தீர்மானிக்கிறது. இதைப் பெருங்கதையாடலின் உத்தி என்று நம்முடைய பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. கோயிலில் போய் வரிசையை ஒருமுறை எண்ணிப் பார்ப்பதும் நல்லது.

நான் பார்த்த கொலுக்களில் கிராமத்து செட் என்று ஒன்று வரும். கிணறு, ஏர் உழுகிறவர், பால்காரி, குறத்தி, பாம்பாட்டி, கல்யாண ஊர்வலம், நாதஸ்வரக் கோஷ்டி. ஒருமுறைகூட அதில் பறையடிக்கும் ஒருவரைப் பார்த்ததில்லை. செருப்புத் தைப்பவரை, சாக்கடையில் இறங்குபவரைப் பார்த்ததில்லை. நான் இருக்கிற பகுதிக்கு ஸ்டேஷன் குரோம்பேட்டை. குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் பதனிடும் ஆலையால் வந்த பெயர். தோல் தொட்டிகளில் இறங்கி நின்றவர்களின் கால்களிலிருந்து பிறந்த ஊர்ப் பெயர் அது. இந்த வட்டாரத்தில் புரட்டாசியில் எத்தனை வீட்டில் கொலு வைக்கிறார்கள்! ராஜேந்திர பிரசாத் சாலையின் ரெண்டு பக்கத் தெருக்களிலும் சுண்டல் வாசனை அடிக்கும். கிரிக்கெட் செட் இருக்கிறது, ராக்கெட் இருக்கிறது. ஊருக்குப் பெயர் கொடுத்தவன் இல்லை.

இங்கே 'ரசிகர்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு ரசிகன் வெறும் நுகர்வோன் அல்ல. 1972இல் எம்ஜிஆர் தனிக்கட்சி ஆரம்பித்தபோது ரசிகர் மன்றங்களே கட்சிக் கிளைகளாயின. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் அந்தப் பிம்பத்துக்குள் ஏழைகள் ஏன் தங்களைப் பார்த்துக்கொண்டார்கள், அதில் எப்படிச் சிக்கினார்கள் என்பதைக் கேட்டது. கைக்காசு போட்டு அறுபதடி கட்அவுட் வைத்த தலைமுறைக்கு அந்த உருவத்தைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆசை இல்லை. அது தெருவுக்கு உரியது, படம் ஓடுகிறவரை நிற்கும், அப்புறம் பிரித்து ஓட்டு வீட்டுக்கு மறைப்பாகும். (பின்னால் டிஜிட்டல் பேனர் வந்தது, சினிமா, கட்சி, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் வந்தது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம் பெண் லாரியில் சிக்கி இறந்தார். உருவங்கள் பொது இடத்தை நிரப்புவதைக் கொண்டாட்டமாக மட்டும் எழுதிக்கொண்டிருக்க முடியாது.)

எங்கள் புறநகருக்கு அஸ்தினாபுரம் என்று பெயர். கௌரவர்களின் தலைநகர். பெயரில் இருக்கும் வேடிக்கை இங்கே குடியிருப்பவர்களுக்கு உறைப்பதில்லை. 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதன் ஒரு மூலையாக ஆகிப்போன சாதாரணக் குடியிருப்புதான் எங்களுக்கு இது. ஆனால் இந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் துரியோதனன் நினைவு வருகிறான். மகாபாரதப் பாத்திரங்களில் தமிழ்நாட்டில் யாருக்கு மிகப்பெரிய உருவம் செய்கிறார்கள் என்று கேட்டால், கிருஷ்ணனுக்கும் இல்லை, அர்ச்சுனனுக்கும் இல்லை. துரியோதனனுக்குத்தான்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில் அக்கினி வசந்த விழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, நாள்கணக்கில். கடைசியில் படுகளம். கோயிலுக்கு எதிரே திறந்த வெளியில் மண்ணைக் குழைத்துத் துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள். பல ஆள் நீளம். அகன்ற மார்பு, முறுக்கிய மீசை, பிதுங்கிய கண்கள், சுண்ணாம்பும் சிவப்பும் கருப்பும் பூசிய முகம். காலையில் கூத்துக்காரர்கள், வீமனும் துரியோதனனும், விடிய விடிய ஆடிய களைப்போடு அந்த மண் உடம்பைச் சுற்றி வந்து சண்டை போடுவார்கள். தொடையில் அடி விழும். தொடையில் வைத்திருக்கும் சிவப்புக் கரைசல் வழியும். அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தலை முடிவாள். சில ஊர்களில் துடைப்பத்தால் அடிவாங்குவதற்கு ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். அடி பட்டால் பீடை போகும் என்பது நம்பிக்கை. சாயந்திரம் தீமிதி. படுகளம் முடிந்ததும் அந்த மண்ணை ஆளுக்கொரு பிடி எடுத்துக்கொண்டு போவார்கள். வீட்டில் வைக்கலாம், நிலத்தில் போடலாம், விளையும் என்பார்கள்.

இந்த உருவத்தின் பொருளாதாரத்தை அந்த மாணவனின் பெட்டிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஊர் வரி வசூலித்துச் செய்த உருவம். அச்சு கிடையாது, ஒவ்வொரு வருஷமும் கையால் புதிதாக. எவனும் தனியாக வாங்க முடியாது. ஒரு காலைப் பொழுதுதான் ஆயுசு. உடைவதற்காகவே செய்யப்பட்டது. உடைந்த பிறகு எல்லோருக்கும் பங்கு. 'தகுதி' என்ற சொல்லே இங்கே தலைகீழாகிறது. ஓட்டு வைத்தால் இவனுக்கு ஒரு ஓட்டு விழாது. தோற்றவன், கெட்டவன். ஆனால் அவன் இல்லாமல் விழா இல்லை. கதைக்குத் தேவையானவனுக்குத்தான் உடம்பு. ரசிக விருப்பம் என்கிற தராசில் ஒருபோதும் ஏறாத பாத்திரம் இது.

இதைப் பொற்காலமாக்கிச் சொல்லும் எண்ணமும் எனக்கு இல்லை. வரி யாரிடம் வாங்குகிறார்கள், யாரிடம் வாங்க மறுக்கிறார்கள் என்பதில்தான் பல ஊர்களில் கலவரமே தொடங்குகிறது. வரி கொடுப்பது உரிமை. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் 2023இல் திரௌபதியம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைவதை மறித்து, பிரச்சனை முற்றி, அரசு கோயிலுக்கே சீல் வைத்தது. துரியோதனனின் மண் எல்லோருக்கும் என்று நான் எழுதுகிறேன். எந்த எல்லோருக்கும் என்று மேல்பாதிக்காரர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டும்.

கேரளத்தில் கொல்லம் மாவட்டம் பொருவழியில் துரியோதனனுக்குக் கோயிலே இருக்கிறது, மலநட. பூசாரி குறவர் சமூகத்தவர். காட்டில் தாகத்தோடு அலைந்த துரியோதனனுக்கு அந்தச் சமூகத்துக் கிழவி ஒருத்தி கள் கொடுத்தாள், அவன் வாங்கிக் குடித்தான் என்பது கதை. யார் கையில் வாங்கிக் குடித்தான் என்பதுதான் அவனுடைய தகுதி. இன்றும் கள் படையல் உண்டு. அங்கே விக்கிரகம் கிடையாது. மேடை இருக்கிறது, சாமி இருக்கிறான், உருவம் இல்லை. வாக்கெடுப்பில் ஜெயித்து உருவம் வாங்குவதே அங்கீகாரம் என்று நினைக்கும் நாம் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மண் எப்போது பொம்மை, எப்போது சாமி என்ற கேள்வி நம் நீதிமன்றங்களுக்கும் போயிருக்கிறது. 1953 மே 27, புத்தர் ஜெயந்தியன்று திருச்சி டவுன் ஹால் மைதானத்தில் பெரியார் மண் பிள்ளையாரைப் போட்டு உடைத்தார். வழக்குத் தொடுத்தார்கள். கீழ்க் கோர்ட்டுகள், இது பிரதிஷ்டை ஆகாத மண் உருவம், எந்த வகுப்பாரும் புனிதமாகக் கருதும் பொருளாகாது என்று தள்ளின. 1958 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை: ஒரு வகுப்பார் புனிதமாகக் கருதினால் போதும், அது பூசையில் இருந்த பொருளாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை என்றது. ஆனாலும் காலம் கடந்துவிட்டதென்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இந்த வழக்கில் ஒருவரை மட்டும் யாரும் சாட்சிக்குக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை, குயவரை. சதுர்த்திக்கு முந்தின நாள் நடைபாதையில் உட்கார்ந்து, அச்சில் ஒற்றி எடுத்த ஈரப் பிள்ளையாருக்குக் கண்ணாகக் குன்றிமணி பதித்து விற்கிறவருக்கு, அது எந்த நொடியில் மண் அல்லாததாக மாறுகிறது என்பதைப் பற்றிச் சொல்ல ஏதோ இருந்திருக்கும். இன்று அவருடைய மண் பிள்ளையார்களை ஓரங்கட்டிவிட்டுப் பந்தலுக்கு வரும் பெரிய பிள்ளையார்கள் கிரிக்கெட் மட்டை பிடிக்கிறார்கள், 2015க்குப் பிறகு பாகுபலி மாதிரி லிங்கம் தூக்குகிறார்கள். சாமிக்கே ரசிகர் ஓட்டில் உடை மாற்ற வேண்டிய நிலைமை.

ஓட்டின் இன்னொரு முகம் மறுப்பு. யாருக்கு உருவம் வேண்டும் என்று சொல்லும் உரிமையைவிட, யாருக்குக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் நம் சமூகத்தில் பழையது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது அன்றைய அரசு. கட்டபொம்மனோடு நின்று போரிட்டவர், தலித் மக்கள் தங்கள் வீரராகக் கொண்டாடுபவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். கலவரம், சாவு. கடைசியில் அந்த ஒரு பெயரை மட்டும் எடுக்க முடியாமல் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு நீக்கியது. பெரியார், அண்ணா, எம்ஜிஆர் எல்லாரும் போனார்கள். ஒருவர் படியேறக் கூடாது என்பதற்காகக் கொலுவையே கலைத்த மாதிரி. அம்பேத்கர் சிலைகளோ கம்பிக் கூண்டுக்குள். காலனி ஜனங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைத்த சிலையைப் பாதுகாப்பு என்ற பெயரில் அரசு பெட்டிக்குள் அடைக்கிறது. பிரிக்காத பெட்டி!

எங்களுக்குப் பக்கத்து ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். அங்கே தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு 2005 முதல் அயோத்திதாசர் பெயர். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தியவர், சித்த வைத்தியர், தசாவதார செட்டிலிருந்து கழற்றப்பட்ட புத்தரைத் தமிழ் வரலாற்றுக்குள் தேடியவர். 1914இல் இறந்தார். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்காக மெரினாவில் ஔவை, கம்பர், கண்ணகி, போப், கால்டுவெல் என்று வரிசையாகச் சிலைகள் வைத்தபோது அவருடைய பெயர் யார் வாயிலும் வரவில்லை. கிண்டியில் சிலையோடு மணிமண்டபம் திறந்தது 2023 டிசம்பரில். செத்து 109 வருஷம். நடுவில் 1990களில் தலித் இயக்கங்களும் சிறுபத்திரிகைகளும் அவருடைய எழுத்தைத் தோண்டி எடுத்துப் பதிப்பித்திருக்காவிட்டால் இதுவும் நடந்திருக்காது. அதற்கு எந்தக் கம்பெனியும் வாக்குச்சீட்டு அச்சடிக்கவில்லை.

போன வருஷம் கொலுவுக்கு இரண்டு மாதம் முன்பு கொசப்பேட்டைக்குப் போனேன். குயவர் பேட்டை என்பதுதான் அப்படி மருவியது. சந்துகளில் காயப்போட்ட தலைகள், கைகள், வெள்ளை அடித்து வரிசையாக நிறுத்திய உருவங்கள். ஒரு பெரியவர், அறுபது வயதிருக்கும், காகிதக் கூழை அச்சில் அப்பிக்கொண்டிருந்தார். குரோம்பேட்டை தோல் தொழிலாளிக்கு ஒரு பொம்மை வேண்டும் என்றேன். முதலில் சிரித்தார்.

"தோலா? கொலுவுலயா? எவன் வெச்சான் சார் அதெல்லாம்?"

நான் வைக்கிறேன் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு, அந்த ஆள் எப்படி நிற்பான், கையில் என்ன இருக்கும், தொட்டி வேணுமா, இடுப்பில் என்ன கட்டியிருப்பான் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பல்லாவரத்தில் ஒரு தாத்தாவிடம் கேட்டு எழுதி வைத்திருந்த குறிப்பையும் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். உழவன் பொம்மையின் உடம்பு அச்சு இருக்கிறது, காலும் கையும் மாற்ற வேண்டும், தலை புதிதாகச் செய்ய வேண்டும், கத்தியும் தொட்டியும் தனி. மாடல் செய்து அச்சு எடுக்கிற செலவு ஒரு பொம்மைக்கும் ஒன்றுதான், நூறு பொம்மைக்கும் ஒன்றுதான் என்றார். ஹாஸ்ப்ரோவின் கணக்கேதான்.

"ஒண்ணுக்கு அச்சு போட முடியாது சார். அம்பது பேர சேத்துக்கினு வாங்க. அட்வான்ஸ் குடுங்க, போட்டுடலாம்."

திரும்பி வந்து தெருவில் சொன்னேன், நண்பர்களிடம் சொன்னேன், தொழிற்சங்கத் தோழர்களிடம் சொன்னேன். சிலர் கொலுவே பார்ப்பனியம், அதில் நம்ம ஆளுக்கு எதுக்குக் கீழ்ப்படி என்றார்கள். நியாயமான கேள்வி, படியில்தான் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, மேசையில் வைக்கலாம். ஒரு அம்மா, கொலு வைக்கிறவர், "செட்டியாருக்குப் பக்கத்துல வெச்சா சண்டை வருமோ?" என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுத்தார். சூப்பர் ஹீரோ பொம்மை சேர்க்கும் அந்த மாணவன் இரண்டு பொம்மைக்குக் கொடுத்திருக்கிறான், ஒன்று பிரிப்பதற்கு, ஒன்று பிரிக்காமல் வைப்பதற்கு. இதுவரை பதினேழு பொம்மைக்குப் பணம் சேர்ந்திருக்கிறது.